இரண்டாவது மணி

மார்ச் 9, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம் பொன்மலை பணிமனையில் முப்பத்தாறு வருடம் ரயில் என்ஜின்களைப் பிரித்துப் போட்டுச் சேர்த்தவர். வீட்டு மோட்டாருக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடு என்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து நாலு குடம் தண்ணீர் வாங்கிச் சமாளித்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு போன். நிலோஃபர் என்று ஒரு பெண். ஒரு செய்தித் தொலைக்காட்சியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராம். தேர்தலுக்கு முன்னால் இரண்டு பெரிய கட்சிகளின் தலைவர்களை ஒரே மேடையில் உட்கார வைத்து, மக்கள் அனுப்பும் கேள்விகளைக் கேட்கப் போகிறார்கள். திருச்சியில், நேரலையாக. அதில் நேரம் பார்த்து மணி அடிக்க நான் வர வேண்டுமாம்.

"ஏம்மா, உங்க டிவியில கடிகாரம் இல்லையா?" என்றேன்.

"இருக்கு மேடம். ஆனா திரையில கடிகாரம் ஓடக் கூடாதுன்னு ஒரு கட்சி கண்டிஷன் போட்டிருக்கு. தலைவரை மிரட்டுற மாதிரி இருக்காம். கையால அடிக்கிற மணி வேணும், அதையும் பொதுவான ஆளு அடிக்கணும்னாங்க. உங்க பேரையும் அவங்களேதான் குடுத்தாங்க."

"எவங்க?"

"இளம்பரிதி சார் கட்சி. வேதமூர்த்தி சார் தரப்பும் விசாரிச்சுட்டு ஒத்துக்கிட்டாங்க. காலேஜ் ஃபிசிக்ஸ் லேப்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க, எந்தக் கட்சியிலயும் இல்ல, நல்லதாப் போச்சுன்னு."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இளம்பரிதியை எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. நாற்பது வருடத்துக்கு முன், நான் மாணவியாக இருந்தபோது, எங்கள் கல்லூரியில் நடந்த பேச்சுப் போட்டியில் அவர் பேசினார், நான் மணி அடித்தேன். அவருக்கு முதல் பரிசு. நல்ல பேச்சு.

கடிகாரம் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

ஒத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே, "ரெண்டு பேரையும் நிறுத்தணும்னா மணி பத்தாது அமலா, மெயின் சுவிட்ச்சை அணைக்கணும்" என்றார்.

மோட்டார் சரியாகிவிட்டது. உள்ளே பல்லி செத்துக் கிடந்ததாம்.

மார்ச் 13, வெள்ளி

மூன்று நாளாக ஒரு வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன். தொலைக்காட்சியில் அரசியல் விவாதம் வந்தால் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். நான் ஓய்வு பெற்றபோது துறையில் அன்பளிப்பாகக் கொடுத்தது. முள் ஓடுகிற பழைய வகை. சாவி கொடுத்தால் போதும், பேட்டரி வேண்டாம்.

கேள்வி முடிந்த நொடியில் அழுத்துகிறேன். கேட்டதற்குச் சம்பந்தமாக முதல் சொல் எப்போது வருகிறதோ அப்போது நிறுத்துகிறேன். ஆய்வகத்தில் ஊசல் ஆடுவதை எண்ணிக் குறித்த மாதிரி ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் குறிக்கிறேன். நேற்று ஒருவர் வணக்கம் சொல்ல ஆறு வினாடி எடுத்தார். தலைவரை வாழ்த்த பதினான்கு. எதிர்க்கட்சி என்ன செய்தது என்று சொல்ல ஐம்பது. "நல்ல கேள்வி கேட்டீர்கள்" என்று இரண்டு முறை சொன்னார். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

நாற்பத்தேழு கேள்விகள் குறித்திருக்கிறேன். சம்பந்தமான சொல்லே வராமல் நேரம் முடிந்தவை இருபத்தொன்பது. பேச்சாளரை நிறுத்துவதற்குத்தான் மணி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாதிப் பேர் மணிக்காகக் காத்திருக்கிறார்கள். அது அடிக்கிற வரைக்கும் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். இதை நான் கண்டுபிடித்தேன் என்று இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். "இதுக்கு ஒரு நோட்டு வேற பாழாச்சா" என்றார். ஆனால் சாப்பிட்ட பிறகு நோட்டை வாங்கி முழுவதும் பார்த்தார்.

மார்ச் 16, திங்கள்

நிலோஃபர் வீட்டுக்கே வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும். பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவள். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் குடித்தாள்.

விதிகளை வாசித்துக் காட்டினாள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம். ஒன்றரை நிமிடத்தில் முதல் மணி, எச்சரிக்கைக்கு. இரண்டு நிமிடத்தில் இரண்டாவது மணி, அத்தோடு மைக் அணைந்துவிடும். தலைவர் நடுவில் நிறுத்தினால், மிச்சம் இருக்கிற நேரத்தில் நெறியாளர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கலாம். இரண்டாவது மணி அடித்துவிட்டால் அந்தக் கேள்வியை மறுபடி எடுக்கக் கூடாது.

"அப்போ எல்லாம் ரெண்டாவது மணியிலதான் இருக்கு" என்றேன்.

"ஆமா மேடம். அதுக்குத்தான் பொது ஆளு கேட்டாங்க."

பை நிறைய அஞ்சல் அட்டைகள் கொண்டுவந்திருந்தாள். மூவாயிரத்துக்கு மேல் வந்ததாம். அலுவலகத்தில் வைத்தால் யாராவது படமெடுத்து வெளியே விட்டுவிடுவார்கள் என்று கையோடு சுமந்து திரிகிறாள். பார்க்கலாமா என்று கேட்டேன். எனக்கு யார் வீட்டுக் கடிதமானாலும் படிக்க வேண்டும். பாதிக்கு மேல் சாலையும் தண்ணீரும். ஒரு பையன், தலைவர்கள் எத்தனை மணிக்குத் தூங்குவார்கள் என்று கேட்டிருந்தான். ஒன்றை மட்டும் அவள் தனியாகக் கவரில் வைத்திருந்தாள். அதையும் கேட்டு வாங்கிப் படித்தேன்.

நல்லாம்பட்டி முத்துக்கருப்பன் என்பவர் எழுதியது. ஏழு வருடத்துக்கு முன் அந்த ஊர்த் தடுப்பணையில் சொல்லாமல் கொள்ளாமல் மதகைத் திறந்துவிட்டார்கள். வேலை முடிந்து ஆற்றைக் கடந்துகொண்டிருந்த ஒன்பது பெண்கள் போய்விட்டார்கள். எனக்கும் நினைவிருக்கிறது, ஒரு வாரம் செய்தியில் வந்தது. அப்போது இளம்பரிதிதான் அந்தத் துறைக்கு அமைச்சர். ஒரு நீதிபதியை வைத்து விசாரணை நடந்தது. அட்டையில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"செத்துப்போன ஒம்பது பேருல எம் பொஞ்சாதி காவேரியும் ஒண்ணு. நீங்க ஜூன் இருபதாம் தேதி சட்டசபையில அறிக்கை இன்னும் வரலைன்னு சொன்னீங்க. பொறவு ஆட்சி போச்சு, அறிக்கையும் போச்சு. அது உங்க கைக்கு என்னைக்கு வந்துச்சு? வேற ஒண்ணும் வேணாம். தேதி மட்டும் சொல்லுங்க."

"ஏன் தேதி மட்டும்?" என்று கேட்டேன்.

"நானும் போன் பண்ணிக் கேட்டேன் மேடம். 'நெறைய கேட்டா நெறைய பேசிருவாங்கம்மா'ன்னாரு."

அவள் போன பிறகும் அந்தத் தேதி என்னவாக இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஜூன் இருபதுக்கு முன்பா, பின்பா? தெரிந்துகொண்டு எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆனாலும் தெரிய வேண்டும் போல இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

அரங்கத்தில் ஒத்திகை. மேடைக்குக் கீழே, தலைவர்களுக்கு நேர் எதிரில் எனக்கு ஒரு மேசை. தலையில் தட்டினால் ஒலிக்கிற மேசை மணி. விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கிறது என்று ஒப்பனைப் பெண் ஓடி வந்து மணிக்கும் பவுடர் பூசிவிட்டாள்.

இளம்பரிதி அரங்கைப் பார்க்க வந்தார். தொலைக்காட்சியில் தெரிவதைவிடக் குள்ளம். முடி மொத்தமும் வெள்ளை. கூட வந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"அமலோற்பவம். உங்களை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுறவன் இன்னமும் நான் ஒருத்தன்தானா?"

"பென்ஷன் ஆபீஸ்லயும் சொல்றாங்க சார்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. மணியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "அன்னிக்கும் இதே மாதிரிதான், இல்ல?"

"இது புதுசு. அது காலேஜ்ல இருக்கு."

"கடிகாரம் வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அது மனுஷன் மூஞ்சியைப் பார்க்காது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க பார்ப்பீங்க."

அதற்குள் யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். புளி கொஞ்சம் கூடிவிட்டது.

மார்ச் 20, வெள்ளி

பகல் முழுவதும் தலைவலி. தவக்காலச் சிலுவைப்பாதைக்குப் போகவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் அவர் கேட்டார், "அந்த இளம்பரிதிக்கு உன்னை எப்படித் தெரியும்?"

"காலேஜ்ல ஒரு போட்டியில மணி அடிச்சேன்னு சொன்னேனே."

"நாற்பது வருஷத்துக்கு முன்னாடி மணி அடிச்ச பொண்ணை ஞாபகம் வெச்சுத் தேடிப் பிடிக்கிறாரா? எனக்கு நேத்து டிக்கெட் குடுத்த கண்டக்டர் மூஞ்சி ஞாபகம் இல்ல."

கோழி வாங்க வேண்டும் என்று பேச்சை மாற்றினேன். வாங்கினோம். அரைக்கிலோ.

அந்தப் போட்டியைப் பற்றி எழுதிவிடுகிறேன். ஐந்து நிமிடப் பேச்சு. நாலாவது நிமிடத்தில் முதல் மணி, ஐந்தில் இரண்டாவது. யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி நடுவர்களிடம் கொடுப்பதும் என் வேலை. ஐந்தைத் தாண்டினால் அரை மதிப்பெண் போகும். இளம்பரிதி நன்றாகப் பேசிக்கொண்டே வந்தார். முதல் மணிக்குப் பிறகு ஓர் இடத்தில் நின்றுவிட்டார். அடுத்த வரி வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் இரண்டாவது மணியை அடித்தேன். நேரமாகிவிட்டதால் நிறுத்தினார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நல்ல இடத்தில் நிறுத்தினார் என்று ஒரு நடுவர் பாராட்டக்கூடச் செய்தார். சீட்டில் ஐந்து நிமிடம் என்று எழுதினேன். ஏறக்குறைய ஆகியிருந்தது.

அந்தக் கோப்பையை வைத்துத்தான் அவருக்கு ஒரு மாநாட்டு மேடை கிடைத்தது. அதிலிருந்து கட்சி, பதவி எல்லாம். அவரிடம் திறமை இருந்தது. நான் அடிக்காவிட்டாலும் எப்படியாவது வந்திருப்பார்.

இரண்டாம் பரிசு வாங்கியது புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண். சிவகாமசுந்தரி. அவள் என்ன ஆனாள் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை. இன்றைக்கு ஏனோ தோன்றியது. வாட்ஸ்அப்பில் பழைய மாணவிகள் குழுவில் கேட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

எண் கிடைத்துவிட்டது. சிவகாமசுந்தரி தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் புதுக்கோட்டையிலேயே இருக்கிறார். மதியம் பேசினேன். கல்லூரி மலருக்காகப் பழைய நினைவுகளைத் திரட்டுகிறோம் என்று ஒரு பொய் சொன்னேன்.

"அதை எப்படிங்க மறக்க முடியும்" என்றார். "அரை மார்க்ல போச்சு. மூணு செகண்டு கூடப் பேசிட்டேன். கடைசி வரி, 'ஆகவே'ன்னு வாயைத் திறந்தேன், ணங்குனு அடிச்சிடுச்சு அந்தப் பொண்ணு. நானும் முழுசா முடிச்சுட்டுத்தான் எறங்கினேன், அதான் மூணு செகண்டு."

"அந்தப் பொண்ணு மேல கோவமா?"

"சேச்சே. கண்டிப்பான பொண்ணு. ரூல்னா ரூல்தானே. எக்ஸ்சேஞ்சுல எனக்குக் கீழ வேலை பார்த்த புள்ளைங்ககிட்டக்கூட இந்தக் கதையைத்தான் சொல்லுவேன். நேரம்னா எல்லாருக்கும் ஒரே நேரம்னு." பிறகு கேட்டார், "ஜெயிச்சாரே, அவரு இப்ப பெரிய தலைவரு. நீங்க அவரையும் கேப்பீங்களா?"

"கேக்கணும்" என்றேன்.

வேறு சில கேள்விகளும் கேட்டு, சொன்னதையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டேன். யாருக்காகக் குறித்தேன் என்று தெரியவில்லை. தாளைக் கிழித்துப் போட மனம் வரவில்லை, இந்த நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

மார்ச் 26, வியாழன்

ஸ்டாப்வாட்ச்சை வானொலி நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் ஒரு வினாடிகூட இல்லை. மாதா உடுத்தும் நீலத்தில் கரை போட்ட வெள்ளைப் புடவையை இஸ்திரி செய்து வைத்தேன்.

மார்ச் 28, சனி

நேற்று நடந்ததை இன்று காலையில் எழுதுகிறேன். நேற்று எழுத முடியவில்லை, கை ஓய்ந்துவிட்டது.

ஆறு மணிக்குத் தொடங்கியது. நெறியாளர் கிருபாகரன் நிதானமான ஆள். கேள்வியைக் கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கிறார். முதலில் வேதமூர்த்திக்கு, காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களைப் பற்றி. அவர் தன் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பற்றிப் பேசினார். கண் கலங்கினார். வாத்தியாரின் மனைவியைப் பற்றிப் பேசும்போது இரண்டாவது மணி விழுந்தது. கைத்தட்டல். எத்தனை இடம் காலி என்பது எனக்கு இன்னமும் தெரியாது. அவர் பேச்சில் லயித்து முதல் மணியை ஒரு வினாடி தாமதமாக அடித்தேன். அதைக் குறிப்பில் எழுதி வைத்தேன்.

ஏழாவது கேள்வி முத்துக்கருப்பனுடையது. கிருபாகரன் அட்டையைக் கையில் எடுத்து, அதில் இருந்தபடியே படித்தார். கடைசி வரியைப் படித்து முடித்தார். நான் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன்.

இளம்பரிதி அழகாகத் தொடங்கினார். இருபத்திரண்டு வினாடி இரங்கல். முப்பது வினாடி ஆற்றின் வரலாறு. பிறகு தன் ஆட்சியில் கட்டிய தடுப்பணைகளின் எண்ணிக்கை. அவர் ஆட்கள் கை தட்டினார்கள். அதற்காக மூச்சு வாங்கி நிறுத்தினார். கிருபாகரன் அந்த இடைவெளியில் நுழைந்துவிட்டார்.

"ஐயா, தேதி மட்டும்."

என் முள்ளில் ஒரு நிமிடம் இருபத்து நாலு வினாடி.

"தேதியைப் பொறுத்தவரைக்கும் ஆவணங்களைப் பார்த்துத்தான்..." என்று ஆரம்பித்தார். ஒன்றரை நிமிடம் ஆயிற்று. முதல் மணியை அடித்தேன்.

அவர் உடனே கைகூப்பினார். "நேரம் முடிஞ்சிருச்சு. நன்றி, வணக்கம்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஐயா, அது முதல் மணிதான்" என்றார் கிருபாகரன். "இன்னும் அரை நிமிஷம் இருக்கு."

அப்போதுதான் இளம்பரிதி என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. என் உள்ளங்கை மணியின் தலைமேல் இருந்தது. அழுத்தினால் போதும். திரையில் கடிகாரம் கிடையாது. வீட்டில் பார்ப்பவர்களுக்கு அரை நிமிடமா கால் நிமிடமா என்று என்ன தெரியும்? கை வியர்த்துப் பவுடர் பிசுபிசுத்தது.

நேர்மை, நியாயம் என்றெல்லாம் எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. அதைப் பொய்யாக எழுதக் கூடாது. எனக்கு அந்தத் தேதி தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஜூன் இருபதுக்கு முன்பா, பின்பா என்று பதினொரு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. மணி அடித்துவிட்டால் இனி எப்போதும் தெரியாது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மைக் திறந்திருந்தது, அவர் மூச்சு விடுவது ஒலிபெருக்கியில் கேட்டது. நாற்பது வருடம் மேடையில் பேசிய மனிதருக்குப் பதின்மூன்று வினாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று முகத்தில் பார்த்தேன். பாவமாக இருந்தது. எனக்கு அவர்மேல் பாவமாக இருப்பது புதிதல்ல.

"ஜூன் ஆறு" என்றார்.

கிருபாகரன் அட்டையைக் கீழே வைத்தார். "சட்டசபையில நீங்க பேசினது ஜூன் இருபது."

"தெரியும்." தண்ணீர் டம்ளரைத் தொட்டார், குடிக்கவில்லை. "படிச்சேன். ஆபீசர் பேரெல்லாம் அதுல இருந்துச்சு. எங்க ஆளுங்க பேரும் இருந்துச்சு. தேர்தல் முடியட்டும்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

இரண்டு நிமிடம். இரண்டாவது மணியை அடித்தேன்.

நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது இளம்பரிதி என் மேசை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. நின்றார். கோபம் இல்லை, களைப்பாக இருந்தார்.

"அன்னிக்கு நான் கேக்கவே இல்ல அமலோற்பவம். நீங்களா அடிச்சீங்க. இன்னிக்குத்தான் கேட்டேன்."

போய்விட்டார். வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் சாம்பார் சூடாக்கி வைத்திருந்தார். "நல்லா அடிச்சே" என்றார். எதைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

எல்லாச் செய்தியிலும் ஜூன் ஆறுதான். அறிக்கையை வெளியிட வேண்டும் என்று நல்லாம்பட்டியில் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். முத்துக்கருப்பனைக் காட்டினார்கள். மெலிந்த ஆள், சட்டைப் பையில் பேனா. மைக்கை நீட்டி என்ன கேட்டாலும், "தேதி கெடச்சிருச்சு, இனிமே பாத்துக்கலாம்" என்பதற்கு மேல் பேசவில்லை.

மதியம் நிலோஃபர் போன் செய்தாள். இளம்பரிதியின் கட்சிக்காரர்கள் என்மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது மணியை வேண்டுமென்றே தாமதமாக அடித்தேனாம், எதிர்த்தரப்பு என்னை விலைக்கு வாங்கிவிட்டதாம்.

"பயப்படாதீங்க மேடம். ரெக்கார்டிங் பார்த்துட்டோம். சரியா ரெண்டு நிமிஷம், ஒரு ஃபிரேம்கூட அதிகமா இல்ல. நாங்க ஒரு அறிக்கை விடுறோம். 'நேரம் காப்பதில் நான் வாழ்நாளில் ஒருமுறையும் தவறியதில்லை'ன்னு உங்க பேர்ல ஒரு வரி. கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க, நாளைக்குச் சாயங்காலம் போட்டுடலாம்."

அனுப்பிய தாளைக் கடையில் அச்செடுத்து வந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியைத் தவிர மீதி எல்லாம் சரியாக இருக்கிறது.

"போடவேண்டியதுதானே? உன் மாதிரி கரெக்டான ஆளு யாரு?" என்றார் அவர்.

ஒரு பெரிய மனிதரை நாட்டின் முன்னால் உட்கார வைத்துத் தேதி கேட்டோம். அவர் சொல்லிவிட்டார். என்னிடமும் ஒரு தேதி இருக்கிறது, யாரும் கேட்கவில்லை என்பதுதான் வித்தியாசம். மார்ச் 22 அன்று "ஏறக்குறைய" என்று எழுதியிருக்கிறேன். ஆய்வகத்தில் ஒரு மாணவி அளவுக்குப் பதிலாக அந்தச் சொல்லை எழுதியிருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மார்ச் 31, செவ்வாய்

காலையில் அந்த வரியை அடித்துவிட்டு மற்றதில் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று கேட்டு நிலோஃபர் போன் செய்தாள். சாயங்காலம் சொல்கிறேன், முதலில் வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

பத்தரைக்குப் புதுக்கோட்டைக்குப் போன் போட்டேன். சிவகாமசுந்தரிதான் எடுத்தார். பின்னால் குக்கர் ஏறிக்கொண்டிருக்கும் சத்தம்.

"மலர் வந்துடுச்சாங்க?" என்றார்.

"மலரெல்லாம் இல்லைங்க. நான் அன்னிக்குப் பொய் சொன்னேன். மணி அடிச்ச பொண்ணு நான்தான். என் பேரு அமலோற்பவம்."

"அட."

"ஒரு விஷயம் சொல்றதுக்குப் போட்டேன். 1986 பிப்ரவரி எட்டு, சனிக்கிழமை. உங்களுக்கு அடுத்துப் பேசின இளம்பரிதி நாலு நிமிஷம் பதினெட்டு செகண்டுல வரி மறந்து நின்னுட்டாரு. நான் அப்பவே ரெண்டாவது மணி அடிச்சேன். சீட்டுல அஞ்சு நிமிஷம்னு எழுதினேன். உங்க சீட்டுல அஞ்சு நிமிஷம் மூணு செகண்டுன்னு எழுதினேன்."

மறுமுனையில் பேச்சில்லை. குக்கர் ஒரு விசில் விட்டது. பழக்கம் போகாது, மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதுவரை வந்தது.

"கோப்பையைப் பத்தி இல்லைங்க" என்றார். "அது போகட்டும். எனக்கு மூணு செகண்டு குடுக்காத கை, அவருக்கு மட்டும் ஏன் அப்படிப் பண்ணுச்சு?"

கூடத்தில் என் வீட்டுக்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரட்டும் சத்தம் நின்றிருந்தது. பின்கட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். அல்லது, வயசு அப்படி, விவரம் தெரியாது என்று இரண்டு நிமிடம் எதையாவது சொல்லியிருக்கலாம்.

அங்கேயே நின்று, குரலைத் தாழ்த்தாமல், பதில் சொன்னேன்.